மானுக்கு அப்பிள் வைத்த வீடு

என் மகள் பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, முருங்கையிலை ஆய்வதற்காகக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். முருங்கை நின்ற இடத்தில் ஒரு தடிதான் நின்றது. இலையும் இல்லை, குருத்தும் இல்லை. தடியின் நுனி கடித்து இழுத்ததில் கிழிந்து நாராகத் தொங்கியது. பக்கத்தில் பயற்றங்கொடிக்கும் கத்தரிக்கன்றுகளுக்கும் அதே கதி. ஈர மண்ணில் பிளந்த குளம்புகளின் அடையாளம் இருந்தது. பெரிய குளம்பு ஒன்று, அதன் பின்னாலேயே சின்னக் குளம்பு.

ரொறன்ரோவில் முருங்கை வளர்ப்பது என்றால் என்னவென்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது மரமில்லை, வீட்டில் இன்னொரு நோயாளி. விதையை ஈரச் சீலையில் சுற்றி முளைக்கவைத்து ஒரு நீலத் தொட்டியில் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் குளிர் தொட முதல் நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தொட்டியைத் தூக்கிப் பேஸ்மென்டுக்கு இறக்குவோம். அங்கே அதற்கென்று ஒரு விளக்கு. பனி போன பிறகு, முதல் வெயிலில் இலை கருகிவிடும் என்பதற்காக நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும். கடையில் முருங்கையிலை இல்லாமல் இல்லை. ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடைக்குள் போனாலும் பிளாஸ்ரிக் பையில் வாடிக் கிடக்கும். ஆனால் மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அறிந்த நாளிலிருந்து அந்த மரத்தை நான் அவளுக்கென்றுதான் பார்த்தேன். பிள்ளைக்குப் பால் சுரக்க என் கையால் வளர்த்த இலையில் வறை செய்து கொடுப்பேன் என்று வேலையிடத்தில்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

வெறுங் கோப்பையோடு உள்ளே வந்த என்னை மகள் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, இற்ஸ் ஓகே. ஜஸ்ற் எ பிளாண்ட்," என்றாள்.

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஒரு மானைக் கொல்வதென்றால் எப்படிக் கொல்லலாம் என்று அந்த நேரம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டிறைச்சி வெட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான்.

எங்கள் வீடு மோர்னிங்சைட் பக்கம், ஒரு தெருவின் கடைசி வீடு. பின்னாலும் இடப்பக்கத்திலும் ஓடையும் காடும் சரிந்து இறங்கிப் போகும். வலப்பக்கத்தில் ஒரேயொரு அயல்வீடு. அப்பார்ட்மென்ட் பல்கனியில் பச்சைமிளகாயும் புதினாவும் வைத்துச் சலித்துப் போய், மண் வேண்டும் என்று நான் நின்றபடியால்தான் இந்த வீட்டை எடுத்தோம். நான் வயோதிபர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணவருக்குப் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்ணில் நிற்கும் நேரம்தான் எனக்கு என்று இருந்த நேரம்.

அந்தக் கோடை முழுவதும் நான் செய்யாத வித்தை இல்லை. வாசனைச் சோப்புகளைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கம்புகளில் தொங்கவிட்டேன். சலூனில் கேட்டு வெட்டிய தலைமயிரை வாங்கி வந்து பாத்தியைச் சுற்றித் தூவினேன். முட்டையையும் உள்ளியையும் அழுகவைத்துத் தெளித்தேன். அதற்குப் பிறகு மான் வந்தது, எங்கள் வீட்டுக்கு வரும் சனம்தான் வரவில்லை. மானை வேட்டையாடும் கொயோட்டி என்ற ஓநாயின் மூத்திரம் போத்தலில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கினேன். அந்தப் போத்தலைக் காரில் ஏற்ற மாட்டேன் என்று கணவர் மறுத்துவிட்டதால் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மனிதக் குரல் கேட்டால் மான் அண்டாது என்றார்கள். கத்தரிப் பாத்திக்கு நடுவில் ஒரு ரேடியோவை மழை படாமல் கட்டி, தமிழ் வானொலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் வேளைக்குத் திரும்பி வந்தபோது மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. தாய் மான் அதைக் கேட்டபடி என் மிளகாய்க்கன்றை அடியோடு தின்றுகொண்டிருந்தது. குட்டி பக்கத்தில் படுத்துக் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். தாய் தலையை நிமிர்த்தி, யார் இந்தப் பெண் என்பதுபோல என்னைப் பார்த்தது. ஓடவில்லை. அது மனிதருக்குப் பயப்படாமல் இருந்ததற்குக் காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

காரணத்தைக் காட்டியவர் அயல்வீட்டுக்காரர். தமிழ்நாட்டுத் தம்பி, நாற்பதைத் தாண்டியிருக்கும், கொம்பியூட்டர் வேலை. மனைவியும் அவரும் நாள் முழுக்க வீட்டுக்குள்ளிருந்தே வேலை செய்வார்கள். என்னை அக்கா என்பார். பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் வரும், எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்கு வடை போகும். நல்ல மனிதர்கள் என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு வளவுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் கம்பிவேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு, கைத்தொலைபேசியை நீட்டினார்.

"அக்கா, இதப் பாருங்க. நம்ம தோட்டத்துக்கு யார் வர்றாங்கன்னு."

மரத்தில் கமெரா ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாராம். ஏதாவது அசைந்தால் அது தானாகவே படம் பிடிக்குமாம். தாய் மானும் குட்டியும் அவருடைய வளவின் கோடியில் நின்று ஒரு தட்டிலிருந்து அப்பிள் தின்றன. நறுக்கிய அப்பிள். பக்கத்தில் சோளமும் கொட்டியிருந்தது. தினமும் தானே வைப்பதாகச் சொன்னார். குட்டிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அடுத்த வீடியோவில் மான்கள் கம்பிவேலியோரம் நின்று, கழுத்தை நீட்டி, எதையோ இழுத்து இழுத்துத் தின்றன. படத்தின் ஓரத்தில் ஒரு நீலத் தொட்டி தெரிந்தது.

அது என் தொட்டி.

அந்த வீடியோவை ஊரில் இருக்கிற தன் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியதாகவும், எல்லோரும் உருகிப் போனதாகவும் சொன்னார். நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். உந்த மான்கள்தான் என் தோட்டத்தை அழிக்கின்றன, தயவுசெய்து தீன் வைக்காதீர்கள் என்றேன். குரல் எழும்பாமல்தான் சொன்னேன். அவர் சிரித்தார். பாவம்க்கா, அதுங்களும் உயிர்தானே, நம்ம வந்து அதுங்க காட்டைப் பிடிச்சிக்கிட்டோம் என்று சொன்னார். வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாளும் தட்டில் அப்பிள் இருந்தது.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "விடும். அயலுக்குள்ள பிரச்சினை வேண்டாம். நாங்கள் எங்கட பக்கத்த அடைப்பம்," என்றார்.

அடைத்தோம். உயரமான கம்பங்களை நட்டு, பின்பக்கமும் இரு பக்கமும் கறுப்பு வலை கட்டினோம். கணவர் ஏணியில் நிற்க, நான் கீழே நின்று வலையை இழுத்துப் பிடித்தேன். கல்யாண வீட்டுப் பந்தல்போல ஆள் உயரத்துக்கு மேலே போனது. மறுநாள் காலை குசினி யன்னலால் பார்த்தேன். தாய் மான் வந்தது. வலையை மூக்கால் தொட்டது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தது, நின்றது, திரும்பிப் போனது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. கொழுந்து விட்டிருந்த பயற்றங்கொடியைத் தடவி, "இனித் தின்னட்டும் பாப்பம்," என்றேன். அயல்வீட்டுத் தம்பியும் வேலியோரம் வந்து அண்ணாந்து பார்த்தார். நல்ல உயரமாப் போட்டுட்டீங்க அக்கா என்று சிரித்தார்.

பாகற்கொடி பூக்கத் தொடங்கியபோது நகரசபையிலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். மரியாதையான பிள்ளை. பின்வளவைப் பார்க்க வேண்டும் என்றாள், அளவுநாடா பிடித்தாள், இவ்வளவு உயரத்தில் வேலி கட்டச் சட்டத்தில் இடமில்லை, குறைக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள், யார் என்று தான் சொல்லக்கூடாது என்றாள். போகும்போது, நீங்கள் மானுக்குத் தீன் ஏதும் வைப்பதில்லைத்தானே, காட்டு விலங்குகளுக்குத் தீன் வைப்பதும் தடை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் என்று அவள் சொல்லத் தேவையே இல்லை. எங்கள் வளவைப் பார்க்கக்கூடிய யன்னல் உள்ள வீடு இந்த உலகத்தில் ஒன்றுதான்.

அந்த இடத்திலேயே அவளை மறித்து, பக்கத்து வீட்டுத் தட்டைக் காட்டியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் காட்டிக்கொடுப்பது என்ற சொல்லை எங்கள் சனம் லேசில் உச்சரிப்பதில்லை. ஊரில் சண்டைக்காலத்தில் அந்தச் சொல்லால் போன உயிர்களை அறிந்த ஆள் நான். தமிழர் ஒருவரைச் சிற்றிக்குக் காட்டிக்கொடுத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று பேசாமல் நின்றேன். அவருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை என்பதுதான் என்னை எரித்தது. பொங்கல் கொண்டு வந்து தந்த கையாலேயே தொலைபேசியை எடுத்திருக்கிறார்.

வலையைக் கழற்றி இறக்கினோம். மான் திரும்பி வந்தது. பாகல் காயாகவில்லை. முருங்கை மாத்திரம் அதன் குணத்துக்குத் திரும்பத் தழைத்தது. ஆனால் அதற்கிடையில் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் மானைத் திட்டவில்லை. அது வயிற்றுக்குத் தின்கிறது. என் கோபம் முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

வேலைக்குப் போக முன்னர் தேத்தண்ணியோடு யன்னலடியில் நின்று மானைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகியது. எதிரியை அறிய வேண்டும் என்ற எண்ணம்தான். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. அது கண்டபடி பாய்வதில்லை. வேலியடியில் நின்று, காலை எங்கே வைக்கலாம் என்று உள்ளே பார்க்கும். வெட்டையாக இருந்தால் பாயும். வேலிக்கு உட்பக்கத்தில் தக்காளிக்குக் கட்டிய கம்பிக்கூடுகள் நெருங்கி நின்ற இடத்தில் ஒருநாளும் பாயவில்லை. அப்படியானால் உயரம் தேவையில்லை, கால் வைக்க இடம் கொடுக்காவிட்டால் போதும் என்று விளங்கியது. சட்டம் விட்ட உயரத்தில் வெளிவேலியைச் சரி செய்தோம். அதற்கு உள்ளே, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் இடைவெளி விட்டு, வளவைச் சுற்றி இரண்டாவது வரிசைக் கம்புகளை நட்டு, வெள்ளைக் கயிறு இழுத்தோம். நடுவில் உள்ளியும் புதினாவும் வைத்தேன். மான் வந்து பார்த்தது. இரண்டு வேலியையும் ஒன்றாகத் தாண்ட அதற்குத் தைரியம் இல்லை, நடுவில் இறங்கவும் மனமில்லை. என் வளவால் ஏறிப் போன பாதை அடைபட்டதும், பக்கத்து வீட்டின் செங்குத்தான சரிவால் ஏறப் பழகிக்கொண்டது. மேலே அப்பிள் காத்திருக்கும்போது சரிவு ஒரு பொருட்டா?

அந்த இலையுதிர்காலத்தில்தான் தம்பி என்னிடம் ஒரு யோசனை கேட்டு வந்தார்.

வசந்தத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாகச் சென்னையிலிருந்து வருகிறார்களாம். அவர்கள் வரும்போது வளவு முழுக்கப் பூவாக இருக்க வேண்டுமாம். தனக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்குத்தான் கைராசி, என்ன நட்டால் நன்றாக வரும், சொல்லுங்கள் அக்கா என்றார். முறைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணில் ஒரு சலனமும் இல்லை.

மான் எதை விரும்பித் தின்னும், எதைத் தொடாது என்பது அதற்குள் எனக்கு மனப்பாடம். அதை அறிந்துகொள்ளத்தானே அந்தக் கோடை முழுவதையும் செலவழித்திருந்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"ரியூலிப் வையுங்கோ தம்பி. அதைப்போல வடிவு ஒண்டும் இல்லை. கரையில ஹொஸ்ரா வையுங்கோ, இலை நல்லாக் கொழுக்கும். ரோசாவும் வைக்கலாம்."

டஃபோடில் எப்படி என்று கேட்டார். மான் டஃபோடிலைத் திரும்பியும் பார்க்காது.

"உது வேண்டாம். ஒரே மஞ்சள். பாத்தா அலுத்துப்போம்," என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே என் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய், அவரோடு முழந்தாளில் நின்று ரியூலிப் கிழங்குகளை நட்டுக் கொடுத்தேன். அவருடைய மனைவி கோப்பியும் முறுக்கும் கொண்டு வந்து வைத்தாள். ஒவ்வொரு கிழங்கையும் மண்ணுக்குள் இறக்கும்போது என் முருங்கைத் தடியை நினைத்தேன். அவ்வளவு கவனமாக நான் என் சொந்தத் தோட்டத்தில்கூட எதையும் நட்டதில்லை. கிழங்கு பழுதாகி மான் ஏமாந்துவிடக் கூடாதே.

முதலில் வந்தவை அணில்கள். இங்கத்தைய கறுப்பு அணில்கள் பூனைக்குட்டி அளவு இருக்கும். நட்ட கையோடு தோண்டத் தொடங்கிவிட்டன. தம்பி பதறிப் போய் இன்னும் கிழங்குகள் வாங்கி வந்தார். நான் மேலே கோழிக்கம்பி போட்டு மூடச் சொல்லிக் கொடுத்தேன். அணில் தின்றால் என் கணக்குத் தீராது.

பனி உருகியது. ரியூலிப் முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன. அவர் கோழிக்கம்பியை எடுத்துவிட்டு, தினமும் காலையில் கோப்பியோடு நின்று அவற்றைப் பார்ப்பார். நானும் என் யன்னலில் நின்று பார்ப்பேன். எங்கள் இரண்டு பேரில் யார் அவற்றை அதிகம் நேசித்தோம் என்று சொல்வது கஷ்டம். மொட்டுகள் பருத்து, நுனியில் சிவப்பு எட்டிப் பார்த்த கிழமை மான்கள் வந்தன. இப்போது தாயும் குட்டியும் மட்டுமில்லை, குளிர்காலம் முழுவதும் அவர் வைத்த சோளத்துக்குப் பழகிய ஒரு கூட்டம். வரிசையாக நடந்து, மொட்டு மொட்டாக, தேங்காய்ச் சொட்டைக் கடிப்பதுபோலக் கடித்துக்கொண்டு போயின. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று இன்னொன்று ஊற்றிக்கொண்டு வந்து கடைசி மொட்டுவரை பார்த்தேன். அன்று முழுவதும் வேலையில் நல்ல சந்தோஷமாக இருந்தேன். என்ன விசேஷம் என்று கூட வேலை செய்பவள் கேட்டாள்.

பின்னேரம் தம்பி வேலியடிக்கு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. மொட்டில்லாத தண்டுகளைக் காட்டினார். பிறகு என் வளவைப் பார்த்தார். கீரை கிளம்பி வந்திருந்தது, உள்ளி பச்சையாக நின்றது.

"உங்க பக்கம் மட்டும் எப்படிக்கா வர மாட்டேங்குது?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன்.

"அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கிறன். வலையைப் பற்றிச் சிற்றிக்கு ஆர் சொன்னது?"

அவர் தலையைக் குனியவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நான்தான்க்கா. அந்த வலையில குட்டியோட கால் மாட்டிக்கும்னு பயமா இருந்துச்சு. தினம் காலையில மாட்டியிருக்கான்னு பாத்துட்டே இருந்தேன். தாங்க முடியல."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க கழட்ட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அது உண்மைதான், கழற்றியிருக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. வீடியோவில் அவர் காட்டிய நீலத் தொட்டியில் நின்றது என்ன மரம் தெரியுமா என்று கேட்டேன். ஏதோ செடி என்றார். முருங்கை என்றேன். பிள்ளை பெற்ற என் மகளுக்காகக் குளிரிலும் பனியிலும் காப்பாற்றி வைத்திருந்த மரம் என்றேன். அவர் உண்மையாகவே அதிர்ந்து போனார். முருங்கைக்காய்ச் சாம்பாரில் வளர்ந்த மனிதர், இலையைக் கண்டு அடையாளம் தெரியவில்லை. சொரிக்கா, சொரிக்கா என்று பல தடவை சொன்னார். பிறகு மெதுவாக, மானை மறிக்க என்ன செய்வது என்று திரும்பவும் கேட்டார்.

கயிற்று வரிசையை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கொடி படர விட்ட கயிறு என்று நினைத்திருக்க வேண்டும்.

"மிளகாய்த்தூள் போட்டுப் பாருங்கோ," என்றேன்.

மான்கள் ஹொஸ்ராவை மிளகாய்த்தூளோடு தின்றன.

அவருடைய தாய் தகப்பன் வந்து இறங்கியபோது அந்த வளவில் பூ என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ரோசாச்செடிகள் முள்ளும் தண்டுமாக நின்றன. என் வஞ்சம் நிறைவேறிவிட்டது என்று நம்பினேன். வந்து சில நாளிலேயே அந்த அம்மா வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். காட்டன் சேலைக்கு மேல் மகனுடைய தடித்த ஜக்கெற் போட்டிருந்தார். காப்பி குடிக்க வரச் சொன்னார். போகாமல் விடப் பார்த்தேன், விடவில்லை.

கடித்துப்போட்ட தண்டுகளுக்கு நடுவில் கதிரைகள் போட்டிருந்தார்கள். தகப்பன் மடியில் கமெராவோடு இருந்தார். கோப்பி கைக்கு வரும்போதே மான்கள் சரிவால் ஏறி வந்தன. அம்மா எழும்பி, முந்தானையில் வைத்திருந்த அப்பிள் துண்டை நீட்டினார். தாய் மான் அவருடைய கையிலிருந்து வாங்கித் தின்றது. அந்த மனுஷியின் கண் நிறைந்து போனது. வாழ்நாளில் மானை மிருகக்காட்சிச்சாலையில்தான் பார்த்திருக்கிறாராம். "எங்கையில சாப்பிடுதுங்க, பாருங்க. என் பையன் எனக்கு சொர்க்கத்தையே காட்டிட்டான்," என்றார். பூ இல்லையே என்று ஒருவர்கூடக் கவலைப்படவில்லை. ரியூலிப் பூத்திருந்தால் ஒரு கிழமை பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள்.

மகன் என்னைக் காட்டி, "இந்த அக்காதாம்மா எல்லாத்தையும் நட்டுக் குடுத்தாங்க. எவ்வளவு கஷ்டப்பட்டாங்க தெரியுமா, எல்லாம் வீணாப் போச்சு," என்று சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடவி, உங்களுக்கு எவ்வளவு மனசு கஷ்டமா இருந்திருக்கும் என்றார்.

கோப்பியை மருந்து குடிப்பதுபோல விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். கிழங்கு நட்டு, கோழிக்கம்பி போட்டு, ஒரு குளிர்காலம் காவல் இருந்து, கடைசியில் அந்த மனிதருடைய தாய் தகப்பனுக்கு நானே மான் காட்சி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன் என்றார். அன்று நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன், விலாசத்தைச் சொன்னேன், பக்கத்து வீட்டில் மான்களுக்குத் தினமும் தீன் வைக்கிறார்கள், இப்போது கையாலும் ஊட்டுகிறார்கள் என்றேன். நான் பயந்திருந்த அந்தச் சொல் மனதில் வந்தது, வந்துவிட்டுப் போனது. ஒரு தட்டு அப்பிளைக் காட்டிக்கொடுக்கிறதும், அந்த நாளில் அங்கே நடந்ததும் ஒன்றில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை நகரசபையிலிருந்து வேறொருவர் வந்தார். முன்வாசலில் நின்று கனநேரம் கதைத்தார். பிறகு பின்வளவுக்குப் போனார். தட்டு உள்ளே போனது. கமெரா மரத்திலேயே இருந்தது. அடுத்த சில காலைகள் மான்கள் வந்து வெறும் நிலத்தை முகர்ந்தன. அந்த அம்மா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மான்கள் வருவது குறைந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்தில் வேறு யாருடைய தோட்டம் அகப்பட்டதோ தெரியாது.

தம்பி ஒரு பின்னேரம் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது என் முன்னால் நின்றார்.

"நீங்களாக்கா?"

"ஓம். நான்தான்."

"அம்மா ஊருக்குப் போற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்."

"நானும் முருங்கையைப் பிள்ளைப்பெத்தவளுக்குத்தான் வச்சிருந்தனான், தம்பி."

அவர் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாங்களும் அனுப்பவில்லை. பிளாசாவில் கண்டால் தலையாட்டுவோம். மனைவி கொஞ்சம் சிரிப்பாள். நான் கவலைப்படுகிறேனா என்று மகள் ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தக் கோடை எங்களுக்கு அப்படிக் காய்த்தது. கத்தரி, பயற்றை, வெண்டி, எல்லாம் உறவுக்கும் வேலையிடத்துக்கும் கொடுத்து முடியவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

இந்த வருடம் பாகற்கொடி கொஞ்சம் அட்டகாசமாக வளர்ந்து, நடுவேலியைத் தாண்டி அவர்கள் பக்கம் படர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பிஞ்சுகள் தொங்கின. ஒரு காலை தம்பியின் மனைவி வேலியடியில் வந்து நின்று, பிஞ்சொன்றைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, பிடுங்காமல் விட்டுவிட்டுப் போவதைக் கண்டேன். அவள் உள்ளே போன பிறகு நான் இறங்கிப் போனேன். சுருள்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து கழற்றி, பிஞ்சுகள் உதிராமல் மெதுவாகத் தூக்கி, கொடி முழுவதையும் எங்கள் பக்கமே திருப்பிக் கட்டினேன்.